ஆட்டையாம்பட்டிக் காப்பகமும் என் எம்.பி.ஏ. படிப்பும்

1

போன அக்டோபரில், நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சமூகத் தொழில்முனைவு படிக்கப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இந்தியாவில் என்னோடு சேர்ந்து வேலை செய்யும் தோழியும் வீடியோவில் வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

நான் இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸில் இருக்கிறேன். ஒரு வருடப் படிப்பு, முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பியவள். வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கணவர் செந்தில், மகள் யாழினி, நான் என்று மூன்று பேர், செங்கல் நிறத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். மழை நின்றதும் ஜன்னலைத் திறப்பதும், மறுபடி தூறினால் மூடுவதும் எனக்கு இப்போது யோசிக்காமலே நடக்கிறது.

அந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். அதை யாருக்கு எந்த வரிசையில் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

2

என் தோழியின் பெயர் மைதிலி. சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும்போது பக்கத்து பெஞ்சு. அவள் வீடு ஆட்டையாம்பட்டியில், தலைமுறையாக நெசவுக் குடும்பம். என் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து, ராஜஸ்தான் வரைக்கும் ஆட்களை அனுப்பி போர்வெல் போட்டுக் கொடுப்பவர்.

படிப்பு முடிந்து சில வருடம் கழித்து மைதிலியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அக்கா ஒரு தறிப்பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க மைதிலி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே விசைத்தறிகள் ஓடுகிற சத்தத்தில் பேச்சே கேட்காது. ஓரத்தில் சேலைத் தூளி கட்டி அக்கா மகனைப் படுக்க வைத்திருந்தார்கள். காதில் பஞ்சு. இரண்டு வயதாகியும் அவன் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. டாக்டர் காதைச் சோதித்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றாராம். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவள் எங்கே உட்கார்ந்து பேசுவது என்று அக்கா கேட்டார். ஊர் அங்கன்வாடி திறப்பதற்குள் அவர் பாதி வேலையை முடித்திருப்பார்.

தன் வீட்டு முன்னறையில் ஆறு மணிக்கே குழந்தைகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று மைதிலிதான் சொன்னாள். அதை ஒரு ஊரோடு நிறுத்தக் கூடாது, இதற்கென்றே வெளிநாட்டில் படிப்பு இருக்கிறது என்று சொன்னது நான். அப்போது சேலத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். நான் போய்ப் படித்துவிட்டு வருவது, அதற்குள் அவள் சின்னதாக ஆரம்பித்து வைப்பது என்று பேசிக்கொண்டோம்.

அப்பாவிடம் விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அது சேவைங்களா சாமி, இல்ல யாவாரமா?" என்று கேட்டார்.

இரண்டும் என்றேன்.

"ரெண்டும்னா, லாபம் வந்தா ஊர்க்காரன் கேப்பான். வரலீனா நான் கேக்கோணும்," என்றார். ஆனாலும் தடுக்கவில்லை. விமான நிலையத்துக்கு வந்து, செந்திலிடம் என்னென்னவோ புத்தி சொல்லிவிட்டு, என்னிடம் குளிர் ஜாஸ்தியாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

3

வகுப்பில் நான் முதலில் திணறியது சொற்களில்தான். ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். தறிப்பட்டறையை மனதில் வைத்து, ஷெட்டில் குழந்தைகளை வைத்திருக்கிறார்கள் என்றேன். இந்த நாட்டில் ஷெட் என்றால் வீட்டுக்குப் பின்னால் தோட்டச் சாமான் போட்டுப் பூட்டி வைக்கிற மரக் கூண்டு. எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. காவல்துறைக்குச் சொன்னீர்களா என்று ஒருத்தர் கேட்டார். அப்பாவுக்கு ரிக் தொழில் என்று சொன்ன பிறகு, கடலில் எண்ணெய் எடுக்கிற குடும்பம் என்று நினைத்து ஒரு மாதம் கொஞ்சம் மரியாதையாகவே பழகினார்கள். நானும் அவசரப்பட்டுத் திருத்தவில்லை.

பிறகு அவர்களுடைய சொற்கள் எனக்குள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மைதிலியிடம், இந்த மாதம் பயனாளிகள் கூடியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"யாரு?"

"பயனாளிங்க."

"கொழந்தைங்கன்னு சொல்லு கோமு. அதுங்களுக்குப் பேரு இருக்குது," என்றாள். கோபமெல்லாம் இல்லை. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

படிப்பு நல்ல படிப்புதான். ஒரு யோசனையை எப்படி அடுக்கிச் சொன்னால் அறிமுகமில்லாதவர்கள் நம்புவார்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தறி ஓடும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு காப்பகம் என்று நான் போட்ட திட்டத்துக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் கிடைத்தது. குமாரபாளையம், ராசிபுரம் என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்திருந்தேன். ஹெலன் என்ற எங்கள் ஆசிரியை அதைப் பிரதி எடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார்.

ராசிபுரத்தில் பாலிடெக்னிக் விரிவுரையாளராக இருந்த செந்தில், அந்த வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போனார். வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் வெண்ணெய் வாசம் அடிக்கும். யாழினி அதை முகர்ந்து பார்ப்பாள். அவளுக்கு அப்போது நான்கு வயது.

4

திரும்பிப் போகாததற்கு ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. படித்தவர்கள் வேலை தேட இரண்டு வருடம் தங்கலாம் என்று விசா இருந்தது. பழைய மேசை நாற்காலிகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுப்பார்கள். படித்ததை ஒரு இடத்தில் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு அவர்களே பொறுப்பேற்று விசா வாங்கித் தந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அடுத்த ஜூன் என்று மைதிலியிடம் சொன்னேன். மூன்றாவது வருடத்துக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நிதி தரும் அமைப்புகளுக்கு எழுதுவது, அவர்கள் கேட்கும் அறிக்கைகளைத் தயாரிப்பது, பெரிய மனிதர்களிடம் பேசுவது என் பங்கு. குழந்தைகள் அவள் பங்கு. முன்னறை போதாமல் பக்கத்து ஓட்டு வீட்டையும் வாடகைக்குப் பிடித்தாள். உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். நாங்கள் வைத்த பெயரை யாரும் சொல்லவில்லை. ஊரில் அதற்குக் கொழந்தைங்க ஊடு என்றுதான் பெயர். என் வரைபடத்தின் மற்றப் புள்ளிகளுக்கு நாங்கள் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தடுத்தது. மைதிலிக்கு அதில் அக்கறையும் இல்லை.

இதற்கு நடுவில் அவள் மாதம் தவறாமல் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். தறித்தொழில் உள்ள ஊரில் அங்கன்வாடியைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும் என்பது மனு. கையெழுத்துப் போட்ட தாய்மார்களையும் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவாள். அரசுத் தொடர்பு என்ற தலைப்பின் கீழ் அறிக்கையில் இரண்டு வரி எழுதுவேன். அதற்கு மேல் எனக்கு அதில் கவனம் இல்லை.

யாழினி வளர்ந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு, நான் போனில் தமிழ் பேசினால் ஏன் சண்டை போடுகிற மாதிரிக் கத்துகிறாய் என்று கேட்டாள். ரிக் ஓடுகிற வீட்டில் பிறந்தவள், குரல் அப்படித்தான் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆட்டையாம்பட்டி முறுக்கு மட்டும் பிடிக்கும். அதையும் தோழிகள் வந்தால் டப்பாவில் மூடி வைத்துவிடுவாள்.

5

போன செப்டம்பரில் ஒரு வேலை நேர்காணலுக்காக என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. இந்தியக் கிராமங்களில் குழந்தைகள் காப்பகத்தை நிறுவி நடத்தி வருபவர் என்று எழுதினேன். நடத்தி வருபவர் என்ற இடத்தில் நின்றேன். இனி ஒன்று, போய் நடத்த வேண்டும். அல்லது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நேர்காணலுக்குப் போகவில்லை. ஜூலையில் பள்ளி முடிந்ததும் ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

செந்திலிடம் சொன்னபோது அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை பேட்மின்டன் ஆட நண்பர்கள் இருக்கிறார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விசா உம்பேருல இருக்குது. நீ கெளம்புனா நாங்களும் கெளம்போணும்," என்றார். "நான் வேண்டாம்னு சொன்னா உன்னத் தடுக்கற மாதிரி ஆயிரும். சரின்னு சொன்னா பொய் சொல்ற மாதிரி ஆயிரும். நீயே முடிவு பண்ணிக்க."

"உங்களுக்கு விருப்பமில்லீங்களா?"

"எனக்கு இங்க நல்லாருக்குது கோமதி. அவ்வளவுதான்."

 அடுத்த நாளும் வழக்கம்போல எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார்.

யாழினிக்குப் பத்து வயது. அடுத்த வருடம் பெரிய பள்ளி. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆங்கிலத்தில், நிதானமாக ஒரு ஏற்பாடு சொன்னாள். நான் போகலாம், அவளும் அப்பாவும் இங்கேயே இருப்பார்கள், கோடை விடுமுறைக்கு என்னைப் பார்க்க வருவாள். விசா யார் பேரில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

எங்கள் நிறுவனத்தின் மேலாளரிடம் ஜூலையோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். கடிதம் எதுவும் கேட்காமல், சரி, நேரம் இருக்கிறது, யோசித்துச் சொல் என்றார். மைதிலியிடம் சொல்வது மட்டும் மிச்சம் இருந்தது. கல்லூரிப் பேச்சு முடிந்ததும், அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

6

பேச்சு அன்று நான் போனபோது ஹெலன் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிறைய நாட்டுப் பிள்ளைகள். எங்கள் வகுப்பைவிட இளையவர்கள் போல் தெரிந்தார்கள். எனக்கு வயதாகிவிட்டதும் காரணமாக இருக்கலாம். ஊரில் அப்போது சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. மைதிலி ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினாள். அவளுக்குப் பின்னால் குழந்தைகள் தூங்கி எழுந்து, முகம் கழுவ வரிசையில் நின்றார்கள். ஒருத்தி கேமராவுக்கு வெகு அருகில் வந்து நாக்கை நீட்டினாள். வகுப்பு சிரித்தது.

நான் என் பங்கைச் சொன்னேன். ஆறு வருடத்தில் எத்தனை முறை சொன்ன கதை, தடங்கல் இல்லாமல் வந்தது. பிறகு கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி மைதிலியைப் பார்த்து, அடுத்த ஐந்து வருடத்துக்கு உங்கள் திட்டம் என்ன என்று கேட்டாள்.

மைதிலியின் ஆங்கிலம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வரும். ஐந்து வருடத்துக்குத் திட்டம் இல்லை, டிசம்பரோடு மூடுகிறோம் என்றாள்.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். ஹெலன் என்னைப் பார்த்தார். நிதி நின்றுவிட்டதா என்று அவர்தான் கேட்டார்.

இல்லை என்றாள் மைதிலி. அந்த வாரம்தான் உத்தரவு வந்திருக்கிறது. ஊர் அங்கன்வாடியைக் காப்பகத்தோடு சேர்ந்ததாக மாற்றுகிறார்கள். ஜனவரியிலிருந்து காலை ஆறு மணிக்குத் திறந்து சாயங்காலம் வரை நடக்கும், கூடுதலாக ஒரு ஆயாவும் போட்டிருக்கிறார்கள். அங்கே முட்டையும் சத்துமாவும் உண்டு, எடை பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள். எங்களிடம் அதெல்லாம் கிடையாது.

ஒரு பையன் எழுந்து, அப்படியானால் இதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதா, தோல்வி என்று எடுத்துக்கொள்வதா என்று கேட்டான். கேள்வியில் குறும்பு இல்லை, உண்மையாகவே குழம்பியிருந்தான். நான் தமிழில் சொல்கிறேன், கோமதி மாற்றிச் சொல்வாள் என்றாள் மைதிலி.

"கொழந்தைங்க அங்க போறாங்க. நாங்க ஊட்டுக்குப் போறோம். இதுல பேரு வைக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

அதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்ததாகப் பிறகு ஹெலன் சொன்னார்.

7

வெளியே வந்து, கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவளைக் கூப்பிட்டேன். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். உத்தரவு கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தேன், அந்தப் பெண் நேராகக் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை என்றாள்.

"ஆயாக்கள் ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?"

ஒருத்தர் மறுபடி தறிக்கே போகிறார், இன்னொருத்தருக்குத் தையல் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறது, அங்கன்வாடியில் சேர்க்கக் கேட்டுப் பார்த்தேன், அதற்கு வேறு முறை இருக்கிறதாம் என்றாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது.

"நீ?"

"மொதல்ல தூங்கோணும் கோமு. விடியக்கால நாலரைக்கு அலாரம் வெச்சு வெச்சு, அது அடிக்கறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருது. அத நிறுத்தோணும்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"நான் ஜூலைல வந்தரலாம்னு இருந்தேன்," என்றேன். "வேலைல கூடச் சொல்லிட்டேன். உங்கூட இருந்து பாத்துக்கலாம்னு."

 யாருக்கோ மூக்கைச் சிந்தச் சொல்லும் சத்தம் கேட்டது.

"வர்றதுன்னா வா," என்றாள். "ஊரு இருக்குது, உங்கப்பா இருக்கறாரு, நான் இருக்கறேன். ஆனா இதுக்குன்னு வராத. இது முடிஞ்சுது."

"இன்னொரு ஊருல ஆரம்பிக்கலாமில்ல?"

"ஆரம்பிக்கலாம். அங்கியும் மொத நாள்லயே மனு எழுதோணும். அதுக்கு எம்.பி.ஏ. வேண்டியதில்ல, பஸ்ல நின்னுட்டே போறதுக்குத் தெம்பு வேணும். உனக்கு இருக்குதா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய்ச் செந்திலிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை, அதைக் கவனித்தேன். உனக்குக் கஷ்டமா இருக்குதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மேலாளரிடம் போய், ஜூலைக்குப் பிறகும் இருக்கிறேன் என்று சொன்னபோது, தான் அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் சிரித்தார். என்னைப் பற்றிய அந்தப் பக்கத்தில் நடத்தி வருபவர் என்ற சொற்களை எடுத்துவிட்டேன். வரி சின்னதாகிவிட்டது.

8

டிசம்பர் விடுமுறையில் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். திருச்செங்கோட்டில் அப்பாவோடு சில நாள் இருந்துவிட்டு ஆட்டையாம்பட்டிக்குப் போனோம். கொழந்தைங்க ஊட்டில் கடைசி நாள் என்று விழா எதுவும் இல்லை. மைதிலி சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாய்களை அங்கன்வாடிக்குக் கொடுத்தாள். பொம்மைகளைக் குழந்தைகளே தூக்கிக்கொண்டு போனார்கள். யாழினி ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு சிறுமிக்குச் சடை பின்னிவிட்டாள். இருவரும் என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். தூளியில் கிடந்த அக்கா மகன் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். வாசலில் நின்று யாருக்கோ கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தத்தான் முடியவில்லை.

ஜனவரி முதல் வாரம், புது நேரத்தில் அங்கன்வாடி திறக்கும் முதல் நாள் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மைதிலியைக் கூப்பிட்டேன். நான் தூங்கப் போகிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றாள்.

மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. லீட்ஸில் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கன்வாடி வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. சின்ன வயசுப் பெண் ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். தறிக்குப் போகிறவர் என்று தலையில் ஒட்டியிருந்த பஞ்சே சொன்னது.

"நீங்கதான் புது ஆயாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப யாருங்க நீங்க?"

 இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு நான் ஒரு நிமிடப் பதில், மூன்று நிமிடப் பதில் இரண்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

"மைதிலியோட கூடப் படிச்சவங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"மைதிலி அக்காவோடயா? அப்பச் சரிங்க. ஆயா வந்தா குடுத்துருங்க, எனக்கு நேரமாயிருச்சு," என்று குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பட்டறைப் பக்கம் நடந்தார்.

குழந்தை நல்ல கனம். அழவில்லை. என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகியது. தெருக்கோடியில் முதல் தறி ஓட ஆரம்பித்தது, பிறகு அடுத்தது. ஆயா சாவியோடு வரும்வரை, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதன் காதோரமாகச் சொல்லிக்கொண்டு நின்றேன்.